செத்த காலேஜில் அப்பா

அப்பா செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. நாங்கள் போனது கோயிலுக்கு இல்லை, யார் வீட்டுக்கும் இல்லை. நகரத்தில் வசதியானவர்கள் நடத்தும் ஒரு ஓவியக்கூடம், பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, முகம் பார்க்கிற அளவுக்கு வழவழவென்று தரை. அனுமதி இலவசம் என்று அவர்களே போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கும் அப்பா வயதுதான் இருக்கும். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவை மட்டும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"படம் பாக்க வந்திருக்கோம்" என்று நான் சொன்னேன். உள்ளே மேஜையில் இருந்த பெண், "செருப்பு போட்டுக்கலாம் சார்" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அப்பா திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிலாவது இடித்துவிடுவோமோ என்கிற மாதிரியே நடந்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, "நீ பாத்துட்டு வாம்மா, நான் வெளியில நிக்கிறேன்" என்று போய்விட்டார். நான் வெளியே வந்தபோது அதே செக்யூரிட்டியோடு மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அரக்கோணம் பக்கமாம்.

இதில் யாரும் அப்பாவை அவமானப்படுத்தவில்லை. யாரும் திட்டவில்லை, காசு கேட்கவில்லை. ஆனாலும் அந்த இடம் தனக்கானது இல்லை என்று அப்பாவுக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரான்சில் பியர் பூர்தியு என்ற சமூகவியலாளர் 1960களில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பெரிய கணக்கெடுப்பு நடத்தினார். மியூசியம் என்றதும் உங்களுக்கு எந்த இடம் ஞாபகத்துக்கு வருகிறது என்று ஒரு கேள்வி. தொழிலாளர்களில் பெரும்பாலோர் சொன்ன பதில், சர்ச். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் செருப்புதான் கண் முன்னால் வந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அறுபது வருஷம் முந்தி, வேறொரு மொழி பேசுகிற ஒரு தொழிலாளிக்கும் ஏறக்குறைய அதே எண்ணம் வந்திருக்கிறது. கட்டணத்தை எடுத்துவிட்டால் கதவு சட்டப்படி எல்லோருக்கும் திறந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பதைப் பார்க்கப் பழகியவர்களுக்கு மட்டும்தான் அது நிஜமாகத் திறந்த கதவு என்பதுதான் அவர் வாதம். எனக்கு அதில் முக்கால் பங்கு உடன்பாடு. மீதிக் கால் பங்கு ஏன் இல்லை என்பதற்கு எழும்பூர் மியூசியம் வரைக்கும் போக வேண்டும். அதற்கு முன்னால் லண்டன், நியூயார்க் கதை கொஞ்சம்.

பிரிட்டிஷ் மியூசியம் 1759 ஜனவரியில் திறந்தது. முதல் நாளிலிருந்தே இலவசம். ஆனால் சும்மா உள்ளே போய்விட முடியாது. பெயர், தொழில், முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்து, மேலே இருப்பவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, இன்னொரு நாள் வந்து சீட்டு வாங்கிப் போக வேண்டும். தினக்கூலிக்காரர் எவருக்கு இத்தனை நாள் ஒழியும்? 1784-இல் வில்லியம் ஹட்டன் என்பவர் பர்மிங்காமிலிருந்து வந்தார். புத்தக வியாபாரி, சிறு வயதில் பட்டு ஆலையில் வேலை செய்து மேலே வந்தவர். இலவசச் சீட்டை வேறொருவரிடம் கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கித்தான் உள்ளே போயிருக்கிறார். கூட்டிப் போனவர் இவர்களை வேகவேகமாக ஓட்டி, அரை மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார். வழியில் ஹட்டன் ஒரு பொருளைப் பற்றி ஏதோ கேட்டதற்கு, எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று எரிந்து விழுந்தாராம். பின்னால் 1810 வாக்கில் சீட்டு முறையைத் தளர்த்தினார்கள், அப்போதும் "கண்ணியமான தோற்றம் உள்ளவர்கள்" வரலாம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கண்ணியமான தோற்றம் எது என்று யார் முடிவு செய்வது? வாசலில் நிற்பவர்தான்.

லண்டன் நேஷனல் கேலரி கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1824-இல் ஒரு பணக்காரரின் 38 ஓவியங்களை அரசாங்கமே வாங்கி ஆரம்பித்தது. 1838-இல் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வந்தது. மேற்கே இருக்கிற பணக்காரர்கள் வண்டியில் வரலாம், கிழக்கே இருக்கிற ஏழைகள் நடந்தே வந்துவிடலாம் என்பதுதான் அந்த இடத்துக்குச் சொன்ன நியாயம். சொன்ன மாதிரியே ஏழைகள் வந்தார்கள், குழந்தை குட்டியோடு வந்தார்கள், மழைக்கு ஒதுங்கவும் வந்தார்கள். 1850-இல் நாடாளுமன்றக் குழு முன்னால் கேலரியின் காப்பாளர் தாமஸ் யூவின்ஸ் சாட்சி சொல்கிறார்: கிராமத்து ஆட்கள் மாதிரி சிலர் வந்தார்கள், நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்து, கூடையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், இங்கே இப்படிச் செய்யக் கூடாதே என்று போய்ச் சொன்னால், அவர்களில் ஒரு அம்மா சிரித்த முகத்தோடு எனக்கும் ஒரு கிளாஸ் ஜின் நீட்டினார். இதை அவர் குறையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. படம் பார்க்க வந்த இடத்தில் பசித்தது, சாப்பிட்டார், வந்தவருக்கும் கொடுத்தார். அது தன் இடம் என்று அவர் நினைத்திருக்கிறார்!

கூட்டத்தின் மூச்சும் லண்டன் புகையும் படங்களைக் கெடுக்கின்றன, நகரத்துக்கு வெளியே கென்சிங்டன் பக்கம் மாற்றிவிடலாம் என்று அப்போது பெரிய வாதமே நடந்தது. 1857-இல் நீதிபதி கோலரிட்ஜ் அதற்கு ஒரு பதில் எழுதினார். படங்கள் இருப்பதே நோக்கம் ஆகாது, மக்களுக்கு உயர்ந்த ஓர் இன்பத்தைக் கொடுப்பதற்கான வழிதான் அவை என்பது அதன் சாரம். படம் அங்கேயே இருந்தது. தூசுக்கு, கண்ணாடி போட்டார்கள்.

நியூயார்க்கில் சண்டை ஞாயிற்றுக்கிழமைக்காக நடந்தது. மெட்ரோபாலிடன் மியூசியம் நிற்பது நகராட்சியின் பூங்காவில், கட்டடமும் நகரத்துடையது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவனுக்கு இருப்பது ஒரே ஞாயிறு, அன்றைக்குத்தான் மியூசியம் பூட்டியிருந்தது. அன்று திறந்தால் தெய்வக் குற்றம் என்று நிர்வாகிகளில் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் 1891 மே 31-ஆம் தேதி முதல் ஞாயிறு திறப்பு. 1893-இல், நகரத்தின் பணம் வேண்டும் என்றால் இலவசமாகத் திறந்து வை என்று மாநிலச் சட்டமே வந்தது. பிற்பாடு 1970லிருந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடு என்று ஒரு ஏற்பாடு, ஒரு சென்ட் கொடுத்தாலும் விடுவார்கள். 2018 மார்ச்சில் அதையும் நியூயார்க் மாநிலத்துக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்து மாநில மாணவர்களுக்கும் மட்டும் என்று சுருக்கி, மற்ற எல்லோருக்கும் 25 டாலர் ஆக்கினார்கள். 2022-இல் 30 டாலர். இங்கிலாந்தில் போனதோ நேர் எதிர்த் திசையில், 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கூட்டம் நிறையக் கூடியது. ஆனால் வருகிறவர்கள் எந்த வர்க்கத்துக்காரர்கள் என்று பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்கள் அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். இந்த இடத்தில் பூர்தியு சொன்னதுதான் சரி.

சரி, எழும்பூருக்கு வருவோம்.

மெட்ராஸ் அருங்காட்சியகம் 1851-இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் தொடங்கியது. எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர்தான் முதல் பொறுப்பாளர். 1854-இல் எழும்பூர் பாந்தியனுக்கு மாறியது. பாந்தியன் என்ன இடம் தெரியுமா? கம்பெனி காலத்து வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் விருந்து வைத்து நடனம் ஆடிய மண்டபம். 24 பேர் கொண்ட ஒரு கமிட்டி அதை நடத்தியது. மெட்ராஸ் மக்களில் அந்த விளக்கு வெளிச்சத்தைத் தெருவில் நின்று பார்த்தவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் பால்ஃபர் மியூசியத்தை வைத்து, ஆட்கள் வர வேண்டுமே என்று உயிரோடு இருக்கிற மிருகங்களையும் கொண்டுவந்து வைத்தார். ஜனம் குவிந்தது. பின்னால் மிருகங்கள் பார்க் டவுனுக்குப் போயின, 1985-இல் வண்டலூருக்கு.

எங்கள் பாட்டி அந்த இரண்டையும் கடைசி வரை உயிர் காலேஜ், செத்த காலேஜ் என்றுதான் சொன்னாள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். முதலில் கல்லூரியில் ஆரம்பித்ததால் காலேஜ் என்ற சொல் ஒட்டிக்கொண்டது என்பார்கள். மக்களே பெயர் வைத்துக் கூப்பிடுகிற இடம் மக்களுடையதாகிவிடுகிறது என்பது என் எண்ணம். காணும் பொங்கல் அன்றைக்கு அம்பத்தூரிலிருந்து லோக்கல் டிரெயின் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, புளிச்சோறு தூக்கோடு நாங்கள் போவோம். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு அங்கே இருக்கிற ஆயிரம் பேரும் எங்களை மாதிரிதான் இருப்பார்கள். பாட்டி ஒரு நாளும் அங்கே செருப்பைக் கழற்றியதில்லை, ஒரு நாளும் குரலைத் தாழ்த்திப் பேசியதும் இல்லை.

அந்த ஓவியக்கூடத்துக்குப் போய் வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை அப்பாவைச் செத்த காலேஜுக்குக் கூட்டிப் போனேன். டிக்கெட் ஒரு டீ, வடைக்கு ஆகிற காசு. நேராக வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடத்துக்குப் போனோம். என் சின்ன வயதில் திமிங்கலத்தைப் பார்த்ததோடு திரும்பிவிட்டதால் அப்பாவும் அதுவரை அங்கே ஏறியதில்லை.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அப்பா நின்றுவிட்டார். முதலில் பெயரைப் பார்த்துத்தான். "ஆலங்காடா? நம்ம லைன்ல இருக்கே" என்றார். காளியோடு போட்டி ஆட்டம் நடந்த இடம், காரைக்கால் அம்மையார் தலையால் நடந்துபோன ஊர், அதெல்லாம் அவருக்குத் தெரியும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் நடராஜரைப் பற்றி உருகி உருகி எழுதியது இந்தச் சிலையின் போட்டோக்களைப் பார்த்துத்தான். அவருக்கு போட்டோதான் கிடைத்தது, அப்பாவுக்கு நேரில்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்ட்ரியில் 31 வருஷம் மோல்டராக இருந்தவர். இரும்பு உருக்கி ஊற்றுகிற வேலை. இரண்டு முழங்கையிலும் தெறித்த தழும்பு புள்ளிபுள்ளியாக இருக்கும். சிலையின் முகத்தை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. பக்கவாட்டில் போனார், குனிந்தார், முடிந்த மட்டும் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். தூக்கிய காலின் விரல்கள்கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னப்பா தேடுற?"

"பார்ட்டிங் லைன் காணோம்மா."

அவர் செய்த வேலையில் மரத்தில் பேட்டர்ன் வைத்து, மேல் பெட்டி கீழ்ப் பெட்டி என்று இரண்டாக மண் அடைத்து, பேட்டர்னை எடுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து உலோகம் ஊற்றுவார்கள். இரண்டு பெட்டியும் சேருகிற இடத்தில் பொருளைச் சுற்றி ஒரு கோடு விழும். அரம் போட்டுத் தேய்த்தாலும் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரியும். இங்கே அது இல்லை. நான் படித்ததைச் சொன்னேன். முதலில் மெழுகில் முழுச் சிலையையும் செய்துவிடுவார்கள், அதன் மேல் வண்டல் மண் பூசி, கம்பி கட்டிக் காயவைத்து, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள், ஆறினதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள், சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப ஒரு மோல்டுக்கு ஒரு சிலைதான். தப்பாச்சுன்னா மறுபடி மெழுகுலேர்ந்து. உள்ள கோர் வெச்சுப் பொள்ளலா ஊத்தியிருக்கானா?"

"இல்லப்பா, கெட்டி வார்ப்பு."

"கெட்டியா? இவ்ளோ பெரிசு கெட்டியா ஊத்தி, காத்து மாட்டி ஓட்டை விழுந்து ஒரு ப்ளோ ஹோல் இல்ல பாரு. கால் விரலு வரைக்கும் மெட்டல் ஓடியிருக்குது. அங்க போறதுக்குள்ள ஆறிப்போயிருக்கணும்." விரலைக் காற்றிலேயே நீட்டி, உலோகம் எந்த வழியாகப் போயிருக்கும் என்று தோளிலிருந்து கை, இடுப்பிலிருந்து தொடை என்று வரைந்து காட்டினார். அந்தக் கை அப்போது முதுகுக்குப் பின்னால் இல்லை. சத்தமாகவே பேசினார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலைந்து பேர் பக்கத்தில் வந்து நின்று கேட்க ஆரம்பித்தார்கள், அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார். அங்கே பணியில் இருந்த காவலரும் வந்து நின்று கேட்டார். நான் எத்தனையோ கலைப் புத்தகம் படித்திருக்கிறேன், பார்ட்டிங் லைன் இல்லாததை எனக்கு யாரும் காட்டியதில்லை.

பூர்தியுவோடு எனக்கு ஒத்துப்போகாத கால் பங்கு இதுதான். பார்க்கப் பழகியவர்களுக்குத்தான் திறந்த கதவு என்றால், அப்பா பழகியிருக்கிறார், பட்டறையில் பழகியிருக்கிறார். அந்தப் பழக்கத்தைக் கண் என்று மதிக்கிற இடமாக இருந்தால் போதும். இந்தச் சிலைகளை வார்த்தவர்களும் உலையடியில் நின்று கை சுட்டுக்கொண்டவர்கள்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிலைகளில் பெரும்பாலானவை உற்சவமூர்த்திகள். கருவறைக்குள் கல்லாக இருக்கிற சாமியை எல்லோரும் பார்க்க முடியாது என்பதால் தெருவுக்கு வருவதற்கென்றே வார்த்தவை, தூக்கிப் போகத் தண்டு செருக பீடத்தில் துளையெல்லாம் இருக்கும். ஆனால் அந்த ஊர்வலமும் எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை. எங்கள் தாத்தா பிறந்த தெருவுக்கு வரவில்லை. அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் ஊர்க் கோயிலுக்குள்ளும் போக முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களோடு போனதே 1939 ஜூலையில்தான், மாகாணம் முழுக்கச் சட்டம் 1947-இல். அதற்கெல்லாம் பல வருஷம் முன்பே இந்த நடராஜர் எழும்பூருக்கு வந்து நின்றுவிட்டார். சாமியைப் பார்க்கக் கூடாது என்று ஊர் ஒதுக்கிய ஒருவர், ரயில் ஏறி மெட்ராஸ் வந்திருந்தால் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்திருக்கலாம். தாத்தா வரவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. சிலை பூமியிலிருந்தோ கோயிலிலிருந்தோ மியூசியத்துக்கு வருவது பற்றி எத்தனையோ பேர் வருத்தப்படுகிறார்கள், பூஜை நின்றுபோனதே என்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அந்தச் சாமி முதன்முதலாகக் கிட்டத்தில் வந்தது இங்கேதான்.

அதனால்தான் கட்டணத்தைக் கூட்டலாம், கூட்டத்தைக் குறைக்கலாம், நடுவில் நல்ல கஃபே ஒன்று வைத்து "தரமான" பார்வையாளர்களை வரவழைக்கலாம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. எந்த ஊர் மியூசியமாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும், கட்டுச்சோறு சாப்பிட நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும், முதியவர்கள் உட்கார பெஞ்சு வேண்டும், சிலையை எப்படிச் செய்தார்கள் என்று தமிழில் பத்து வரி எழுதி வைக்க வேண்டும். பூர்தியு கணக்கெடுப்பிலும் தொழிலாளர்கள் கேட்டது இதைத்தான். வழி காட்டும் அம்புக்குறி வேண்டும், விளக்கம் வேண்டும் என்றார்கள். அதெல்லாம் கலை ரசனைக்கு இடைஞ்சல் என்று சொன்னவர்கள் நிறையப் படித்தவர்கள். காசு பணம் உள்ளவர்கள் சொந்தமாக ஓவியக்கூடம் கட்டி இலவசமாகத் திறந்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை, நன்றி சொல்கிறேன். ஆனால் வாசலில் நிற்பவருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் கற்றுக்கொடுங்கள், "யாரைப் பாக்கணும்?" என்பதற்குப் பதிலாக "வாங்க".

அன்றைக்கு மூடுகிற நேரம் வரைக்கும் இருந்தோம். வெளியே வரும்போது அப்பா அந்தக் காவலரிடம், "நாளைக்குத் திறந்திருக்குமா?" என்று கேட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவு. சனிக்கிழமை வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை போன் செய்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம். கூட வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு லோக்கலில் வந்திருக்கிறார். உலோகத்தைப் பீடத்து வழியாக ஊற்றியிருப்பார்களா முதுகுப் பக்கமாக ஊற்றியிருப்பார்களா என்று மூன்று பேருக்கும் சண்டை. "நீ ஏதோ படிச்சேன்னு சொன்னியே, எங்கேர்ந்து ஊத்துவாங்கன்னு அதுல போட்டிருக்குதா பாரு" என்றார்.